கொழும்பில் பைல் டெஸ்ட் சேவைகள்: ஒற்றைப் பைலின் ரிப்போர்ட் குழுவுக்குச் செல்லுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கொழும்பில் பைல் டெஸ்ட், அதாவது கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அத்திவாரத் தூண்களுக்கான சோதனை, விற்கப்படுவதும் அந்தக் கணக்கில்தான். நூற்றைம்பது பைல் போட்ட சைட்டில் இரண்டைப் பொறுக்கியெடுத்துப் பாரம் ஏற்றுவார்கள். "வேலைச்சுமையில் இறக்கம் 4 மி.மீ., திருப்தி" என்று ரிப்போர்ட் வரும். கன்சல்டன்ட் கையெழுத்து வைப்பார், பைல் தலைகளை ஒன்றாகக் கட்டும் கொங்கிரீட் மூடியான பைல் கெப்புக்குக் கம்பி கட்டத் தொடங்கிவிடுவார்கள். சோற்றுக்குப் பொருந்துகிற இந்தக் கணக்கு பைலுக்குப் பாதிதான் பொருந்தும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பைல்கள், நடுவே இருக்கும் மண்ணின் வழியாக ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன. தனியாக நின்றபோது 3 மி.மீ. இறங்கிய பைல், பதினாறு பேரோடு சேர்ந்து நின்றால் 3 மி.மீ.யில் நிற்காது.

கொழும்பில் காசு கொடுத்து வாங்கக்கூடிய டெஸ்ட் சேவைகளை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறோம்: பைல் குழுவைப் பற்றி அந்தச் சேவை என்ன சொல்கிறது? கொம்பனிப் பெயர்கள் வேண்டாம். ஒரே டெஸ்டை நன்றாகச் செய்பவரும் உண்டு, ஏனோதானோவென்று செய்பவரும் உண்டு. ஆனால் டெஸ்டுக்கே உரிய எல்லையை எந்தக் கொம்பனியாலும் தாண்ட முடியாது.

மண்ணுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். பைலில் பாரம் ஏறும்போது, அதன் பக்கவாட்டு உராய்வு சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. தூரம் போகப் போக இந்த இழுப்பு குறையும், ஆனால் மிக மெதுவாக. ஆய்வாளர்கள் ரண்டொல்ஃபும் ரோத்தும் 1978இல் தந்த மீள்தன்மைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 600 மி.மீ. விட்டம், 15 மீற்றர் நீளம், கீழே போகப் போக இறுகும் மண். பாரம் ஏற்றிய பைல் 1 மி.மீ. இறங்கினால், 1.8 மீற்றர் தள்ளி நிற்கும் வெறும் பைல் 0.56 மி.மீ. இறங்குகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கி 3.6 மீற்றரில் வைத்தாலும் 0.40 மி.மீ. மிச்சம் இருக்கிறது. நிஜ மண்ணில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் பைலிலிருந்து தள்ளி இருக்கும் மண் மிகச் சிறிய அளவே நெளிகிறது, அந்த அளவில் மண் கூடுதல் விறைப்பாக நடந்துகொள்ளும். குறைவென்றாலும் பூச்சியம் அல்ல.

இனி பதினாறு பைல், நாலுக்கு நாலு, இடைவெளி விட்டத்தின் மூன்று மடங்கு. குழுவின் அகலம் 6 மீற்றர். குழு அகலத்தைப் பைல் விட்டத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கும் வெசிக்கின் விதிப்படி, குழு இறக்கம் ஒற்றைப் பைலின் இறக்கத்தைப் போல 3.2 மடங்கு. பைல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுக்கும் இன்னொரு விதிப்படி 4. ஆக, டெஸ்டில் 3 மி.மீ. காட்டிய பைல் குழுவில் 9.5 முதல் 12 மி.மீ. வரை இறங்கும். ஒவ்வொரு பைலிலும் சுமை அதே சுமைதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஆழம். 600 மி.மீ. பைலின் அடி, தனக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் மண்ணைத்தான் உருப்படியாக அழுத்தும். 6 மீற்றர் அகலக் குழுவோ ஒரு பெரிய கட்டை போல நடந்து, 12 மீற்றர் வரை அழுத்தும். பைல் அடிக்கு 4 மீற்றர் கீழே ஒரு பட்டை மெதுகளி கிடந்தால் ஒற்றைப் பைல் டெஸ்டுக்கு அது கண்ணிலேயே படாது. கட்டடத்துக்குத் தெரியும், இரண்டு வருடம் கழித்து. அதனால் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திறக்குமுன் சொயில் ரிப்போர்ட்டில் போர்ஹோல், அதாவது மண்ணை ஆராயப் போட்ட துளை, எங்கே நிறுத்தப்பட்டது என்று பாருங்கள். பைல் அடியோடு நின்றிருந்தால், பக்கவாட்டு உராய்வால் தாங்கும் உராய்வுப் பைல் குழுவுக்கு அந்த ரிப்போர்ட் போதாது.

கொழும்பில் எல்லா இடமும் ஒன்றல்ல. கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு பக்கத்து உயர்மாடிகள் பெரும்பாலும் நைஸ் (gneiss) என்ற கடும்பாறைக்குள் சொருகிய, துளையிட்டு வார்த்த போர் பைலில் நிற்கின்றன. அங்கே நிலைக்குத்துச் சுமைக்குக் குழுத் தாக்கம் சின்னது. 1000 மி.மீ. விட்டம், 20 மீற்றர் நீளம், 5000 கிலோநியூட்டன் சுமை, கொங்கிரீட்டின் மீள்தன்மை மட்டு 30 கிகாபஸ்கால் என்று வைத்தால், பைல் தன் சொந்த உடலில் சுருங்குவதே 4.2 மி.மீ. ரிப்போர்ட் சொல்லும் "4 மி.மீ." என்பது பெரும்பாலும் கொங்கிரீட்டின் சுருக்கம்தான், மண்ணோ பாறையோ அதில் அதிகம் பேசவில்லை. ராஜகிரிய, பத்தரமுல்லை, கொலன்னாவ, பேலியகொடை, வத்தளை போன்ற தாழ்நிலங்களின் கதை வேறு. சேற்றுக்கரி, சேதனக் களி, அதன்மேல் நிரப்பிய மண். அங்கே பாறை வரை போகாமல் நிறுத்தும் நாலைந்து மாடிக் கட்டடங்களுக்குத்தான் குழுத் தாக்கம் உயிர்ப்பிரச்சினை. பெரிய பட்ஜெட் வேலைக்குப் பெரிய டெஸ்ட், சின்ன வேலைக்கு டெஸ்டே இல்லை என்பது இங்கே வழக்கம். குழுத் தாக்கத்தை வைத்துப் பார்த்தால் அது தலைகீழ்.

பாறையிலும் ஒரு பொறி உண்டு. கொழும்பில் பாறை மட்டம் சில மீற்றர் தூரத்துக்குள்ளேயே சட்டென்று ஏறி இறங்கும். ஒரே கெப்பின் கீழ் ஒரு பைல் 12 மீற்றரிலும் மற்றது 24 மீற்றரிலும் முடிகிறது என்று வைப்போம். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், கட்டைப் பைல் இரண்டு மடங்கு விறைப்பு. கெப் இரண்டையும் சமமாக இறக்கினால், 10,000 கிலோநியூட்டனில் 6,667ஐக் கட்டைப் பைல் வாங்கும், நெட்டைப் பைலுக்கு 3,333 மட்டும். இரண்டையும் தனித்தனியே 5000க்கு டெஸ்ட் செய்தால் இரண்டும் பாஸ்.

இனி சேவைகள்.

கற்பாரம் அடுக்கிச் செய்யும் நிலைச்சுமை டெஸ்ட், அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் டி1143 முறை. விலையும் கூட, மதிப்பும் கூட. 5000 கிலோநியூட்டன் பைலை ஒன்றரை மடங்குக்கு, அதாவது 7500க்கு ஏற்ற வேண்டும். கற்பாரம் அடுக்கும் மேடையில் இருபது வீதம் கூடுதலாக வைத்தால் 9000 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 920 தொன். ஒரு கனமீற்றர் கொங்கிரீட் கட்டை 2.4 தொன் என்றால் ஏறத்தாழ 380 கட்டைகள். வெள்ளவத்தையின் ஒடுங்கிய குறுக்குவீதிக்குள் இதை லொறியில் கொண்டுபோய் அடுக்கிப் பிறகு இறக்குவது தனிப் போராட்டம். விலைப்பட்டியலில் பெரும்பங்கு அந்தப் போக்குவரத்துதான்.

இந்த டெஸ்டிலேயே மண்ணின் ஊடான தாக்கம் புகுந்து அளவைக் கெடுக்கும் இடங்கள் மூன்று. இவற்றைச் சரியாகக் கையாளுகிறார்களா என்பதை வைத்தே சேவையின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

ஒன்று, கற்பாரமே. 900 தொன் மேடை மெதுமண்ணில் இரண்டு நாள் நின்றால் சுற்றியுள்ள நிலம் இறங்கும். இறங்கும் நிலம் பைலையும் இழுக்கும். இறக்கத்தை அளக்கும் டயலைப் பூச்சியத்தில் வைக்கும் முன்னரே பைலுக்குள் சுமை ஏறியிருக்கும். பிறகு பைல் தலைக்கும் மேடைக்கும் நடுவே உள்ள ஜெக் மேடையைத் தூக்கத் தூக்க, நிலத்தின் பாரம் குறைந்து மண் மேலே எழும்பும், அதுவும் டயலில் கலந்துவிடும். மேடைத் தாங்கிகளைப் பைலின் ஓரத்தோடு ஒட்டிப் போடும் டெஸ்ட்காரரை உடனே நிறுத்த வேண்டும். நல்ல டெஸ்ட்காரர், மேடையின் எடை முழுதாக ஏறுமுன்னும் ஏறிய பின்னும் பைல் தலையின் மட்டத்தை எடுத்து ரிப்போர்ட்டில் போடுவார். அந்த இரண்டு வரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டு, கற்பாரத்துக்குப் பதிலாக நாலு பைலை நங்கூரமாகப் பிடித்துச் செய்யும் டெஸ்ட். மலிவு, இடமும் மிச்சம். ஆனால் நங்கூரப் பைல்கள் மேலே இழுக்கப்படும்போது மண்ணையும் மேலே தூக்குகின்றன, அந்தத் தூக்கல் டெஸ்ட் பைலின் இறக்கத்தை மறைக்கிறது. நாலு பைலும் சுமையில் காற்பங்கு வீதம் எடுக்கின்றன, ஒவ்வொன்றும் 3.6 மீற்றர் தள்ளி இருக்கிறது என்றால், மேலே சொன்ன 0.40 என்ற எண்ணே நேரடியாகக் கழியும். உண்மையில் 5 மி.மீ. இறங்க வேண்டிய பைல் டயலில் 3 மி.மீ. காட்டும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், அந்த அழகைத்தான் சந்தேகிக்க வேண்டும். குறைந்தது விட்டத்தின் ஐந்து மடங்கு இடைவெளி வேண்டும். அப்போதும் உராய்வுப் பைலில் திருத்தம் போட்டே படிக்க வேண்டும். பாறையில் சொருகிய பைலுக்கு இந்தப் பிழை சின்னது, நங்கூர முறையைத் தாராளமாக எடுக்கலாம்.

மூன்று, டயல் பொருத்தும் குறிப்புச் சட்டம். அதன் கால்களும் அதே மண்ணில்தான் நிற்கின்றன, பைலோடு சேர்ந்து அவையும் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் கொழும்பு வெயில். 6 மீற்றர் நீளம், 200 மி.மீ. உயரமுள்ள இரும்புச் சட்டத்தின் மேற்பக்கம் அடிப்பக்கத்தைவிட 5 பாகை சூடானால், நடுவில் 1.35 மி.மீ. வளையும். மொத்த இறக்கமே 4 மி.மீ. என்கிற டெஸ்டில் இது மூன்றில் ஒரு பங்கு. தார்ப்பாயும் தகரக் கூரையும் சும்மா சடங்குக்காக அல்ல. சட்டம் முழுவதும் நிழலில் இருக்கிறதா, அதிகாலையில் தொடங்கினார்களா, பாரம் மாறாத நேரத்திலும் டயல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஜெக்கின் அழுத்தமானியை மட்டும் நம்புகிறவர்களையும் நம்ப வேண்டாம். ஜெக்கின் உராய்வால் அழுத்தமானி சொல்லும் சுமை பைலுக்குப் போய்ச் சேராது. சுமையை நேரடியாக அளக்கும் சுமைக்கலம் கட்டாயம், அதன் அளவுத்திருத்தச் சான்றிதழின் திகதியும் கட்டாயம்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தச் சேவைக்குத்தான் முதலிடம். காரணம், இதில் மட்டுமே சில்லறைச் செலவில் குழுவைத் தொட முடியும். வழி எளிது: பக்கத்துப் பைலிலும் டயல் வையுங்கள்.

டெஸ்ட் பைலைத் தெரிவு செய்யும்போதே, வடிவமைப்பு இடைவெளியில் முடிந்துபோன ஒரு பைல் அருகில் இருக்கும்படி தெரிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துப் பைலின் தலையை நல்ல கொங்கிரீட் வரை உடைத்துச் சமன்செய்து, சின்ன இரும்புத் தகட்டையோ கண்ணாடித் துண்டையோ எபொக்சியால் ஒட்ட வேண்டும். 0.01 மி.மீ. நுண்மையுள்ள இரண்டு டயல், எதிரெதிர்ப் பக்கத்தில். அவற்றுக்குத் தனிச் சட்டம், அதன் கால்கள் இரண்டு பைலிலிருந்தும் தள்ளி. டெஸ்ட் பைலின் ஒவ்வொரு படியிலும், 25, 50, 75, 100 வீதத்தில், அதே நிமிடத்தில் இங்கேயும் வாசிப்பு. வேலைச்சுமையில் பிடித்துவைக்கும் நேரம் முழுவதும் இரண்டையும் எழுத வேண்டும். பக்கத்துப் பைலின் இறக்கத்தை டெஸ்ட் பைலின் இறக்கத்தால் வகுத்தால் வருவது அந்த மண்ணின், அந்த இடைவெளியின் இடைத்தாக்கக் காரணி. இரவல் வாங்கிய விதி அல்ல, உங்கள் சைட்டின் சொந்த எண்.

அதை எப்படிப் பாவிப்பது? நாலு பைல் கெப்பை எடுங்கள். ஒரு பைலுக்கு இரண்டு பக்கத்து அண்டையும் ஒரு மூலைவிட்ட அண்டையும் உண்டு. ஏட்டுக் கணக்குப்படி பக்கத்துக்கு 0.56, மூலைவிட்டத்துக்கு 0.48. ஒன்றோடு இரண்டு தரம் 0.56ஐயும் ஒரு தரம் 0.48ஐயும் கூட்டினால் 2.6. டெஸ்டில் பக்கத்துப் பைல் 0.30 காட்டி, மூலைவிட்டத்துக்கு அதற்கேற்ப 0.24 வைத்தால் 1.84. அதாவது குழு இறக்கம் ஒற்றையின் 2.6 மடங்கா, இரண்டுக்கும் குறைவா என்கிற சந்தேகத்தை இரண்டு டயல் தீர்த்துவைக்கிறது. கொழும்பு ரிப்போர்ட்டுகளில் இது அரிதிலும் அரிது. கேட்டால் செய்வார்கள், கேட்பாரில்லை. பாறையில் நிற்கும் பைலில் பக்கத்து டயல் அசையவே இல்லை என்றால் அதுவும் நல்ல பதில்தான்: கெப் கணக்கில் பைல்களை ஒன்றையொன்று பாதிக்காத தனித்தனி ஸ்பிரிங்காகப் போடலாம் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மதிப்பெண்: பக்கத்து டயலோடு, ஐந்துக்கு நாலரை. இல்லாமல், மூன்று.

பைல் தலையில் சுத்தியலால் அடித்து, எழும் அலையை உணரிகளால் அளக்கும் சுத்தியல் டெஸ்ட், எல்லோரும் பி.டி.ஏ. என்று சொல்வது, ஏ.எஸ்.டி.எம். டி4945. கற்பாரம் இல்லை, ஒரே நாளில் பல பைல் பார்க்கலாம். அதனால்தான் கொழும்பில் கொடிகட்டிப் பறக்கிறது. சுத்தியல் எடை, காட்ட வேண்டிய சுமையின் 1 முதல் 2 வீதம் இருக்க வேண்டும். 7500 கிலோநியூட்டனுக்கு 7.5 முதல் 15 தொன். பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்குகிறது. சைட்டில் கிடைப்பது 5 தொன் என்றால் அடிக்கு அடி பைல் அசையாது, அலை போய்த் திரும்பும், எழுந்த எதிர்ப்பை மட்டுமே கருவி சொல்லும். அதைப் பைலின் உச்சத் தாங்குதிறன் என்று ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. சுத்தியலின் ஓர் அடிக்கு எத்தனை மி.மீ. நிரந்தர இறக்கம் என்ற நிரலைப் பாருங்கள். கிட்டத்தட்ட பூச்சியம் என்றால் அது கீழ் எல்லை, அவ்வளவுதான்.

தலை கட்டும் வேலையிலும் அலட்சியம் கூடாது. உணரிகள் பைல் தலையிலிருந்து குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்கு கீழே, எதிரெதிர்ப் பக்கத்தில் வர வேண்டும். தலைக் கொங்கிரீட் சாய்ந்திருந்தால் அடி ஒரு பக்கம் விழும், இரண்டு பக்க விகாரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடும், கணக்கெல்லாம் வீண்.

குழுவுக்கு இந்தச் சேவை தருவது ஒரு பயனுள்ள பொருள்: உராய்வு எவ்வளவு, அடித்தாங்கல் எவ்வளவு என்ற பிரிப்பு. அளந்த அலையைக் கணக்கு மாதிரியோடு பொருத்திப் பார்க்கும் அலைப் பொருத்தக் கணக்கு செய்திருந்தால் ஆழத்துக்கு ஆழம் உராய்வு கிடைக்கும். உராய்வே அதிகம் என்றால் குழுத் தாக்கம் பெரிது, அடியிலேயே நிற்கிறது என்றால் சின்னது. ஆனால் சுத்தியல் அடி ஒரு கண் சிமிட்டலுக்குள் முடிந்துவிடுகிறது. களியில் குழு இறக்கம் நீர் வெளியேற வெளியேற மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. அதைச் சுத்தியலிடம் கேட்பது தகாது. மதிப்பெண்: இரண்டரை. ஒரு நிலைச்சுமை டெஸ்டோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகு செய்தால் மூன்றரை.

பைலுக்குள்ளேயே ஜெக் வைத்து மேலும் கீழுமாகத் தள்ளும் இருதிசை டெஸ்ட், ஏ.எஸ்.டி.எம். டி8169. கற்பாரம் அடுக்க இடமே இல்லாத நகரமைய சைட்டுக்கு ஏற்றது. மேடையும் நங்கூரமும் இல்லாததால் மேலே சொன்ன முதல் இரண்டு கலப்படமும் இல்லை, உராய்வும் அடியும் தானாகவே பிரிந்து வரும். பைல் போடுமுன் முடிவெடுக்க வேண்டும், பிறகு நினைத்துப் பயனில்லை. மதிப்பெண்: மூன்றரை. பக்கத்து டயல் இங்கேயும் வைக்கலாம், ஆனால் உராய்வு மேல்நோக்கித் தள்ளப்படுவதால் எண்ணை நேரடியாக எடுக்கக் கூடாது.

பைல் பழுதின்றி முழுதாக இருக்கிறதா என்று கைச்சுத்தியலால் தட்டிப் பார்க்கும் முழுமைச் சோதனைக்கு, ஏ.எஸ்.டி.எம். டி5882க்கு, குழுவைப் பற்றி எதுவும் தெரியாது. தாங்குதிறனும் தெரியாது. 20 மீற்றர் பைலில் அலை வினாடிக்கு 4000 மீற்றர் வேகத்தில் போய்த் திரும்ப 10 மில்லிசெக்கன். வேகத்தை 5 வீதம் பிழையாக ஊகித்தால் நீளத்தில் ஒரு மீற்றர் பிழை. அடியில் தங்கிய சேறு தெரியாது, நீளம் விட்டத்தின் முப்பது மடங்கைத் தாண்டினால் அடிச் சைகையே மங்கிவிடும். ஆனாலும் மலிவு, எல்லாப் பைலிலும் செய்யுங்கள். குறிப்பாக, பச்சைக் கொங்கிரீட் பக்கத்தில் அடுத்த துளை போட்ட பைல்களில், பைல் இடையில் ஒடுங்கிப்போகும் கழுத்துச் சுருங்கல் அங்கேதான் வரும். குழாய் வைத்துச் செய்யும் ஒலிச் சோதனை, ஏ.எஸ்.டி.எம். டி6760, இதைவிட மேல். 1000 மி.மீ. பைலுக்கு நாலு குழாய், பீ.வீ.சி.யைவிட இரும்பு நல்லது, கொங்கிரீட்டை விட்டுக் கழலாது. கெப்புக்குள் ஒரு பைலின் அடி சேற்றில் நின்றால் அதன் பங்கு மற்றவற்றுக்குத் தாவி, கெப் சரியும். அந்தவகையில் முழுமைச் சோதனையும் குழுவுக்கான காப்புதான்.

பக்கவாட்டுச் சுமை டெஸ்ட், ஏ.எஸ்.டி.எம். டி3966. இங்கே மலிவான முறை ஒன்று ஓடுகிறது: இரண்டு பைலுக்கு நடுவே ஜெக் வைத்து இரண்டையும் விலக்கித் தள்ளுவது. ஒரே அமைப்பில் இரண்டு பைல் டெஸ்ட் ஆகிவிடும். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில், தங்களுக்கு முன்னே இருக்கும் கன்னி மண்ணைத் தள்ளுகின்றன. காற்றில் கட்டடம் சாயும்போது குழு முழுவதும் ஒரே திசையில் போகும். முன்வரிசை தள்ளிவிட்ட மண்ணில்தான் பின்வரிசை சாய்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலை அமைப்பான ஆஷ்டோவின் விதியில், விட்டத்தின் மூன்று மடங்கு இடைவெளிக்கு மண் எதிர்ப்பின் பெருக்கி முன்வரிசைக்கு 0.8, இரண்டாம் வரிசைக்கு 0.4, மூன்றாம் வரிசையும் அதற்குப் பின்னும் 0.3. நாலு வரிசையின் சராசரி 0.45. ஒற்றைப் பைல் டெஸ்டில் கிடைத்த மண் எதிர்ப்பில் பாதிகூட இல்லை. டெஸ்ட் பைலின் தலை சுதந்திரமாக ஆடுகிறது, கெப்புக்குள் அது பிடிபட்டிருக்கிறது என்ற வேறுபாடு இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டையும் பிரித்துக் கணக்கிடாத ரிப்போர்ட்டுக்கு இரண்டு மதிப்பெண்ணே தாராளம்.

கடைசியாக, ரிப்போர்ட்டின் "குழுத் திறன்" பக்கம். பல ரிப்போர்ட்டில் இது அரைப்பக்கம். கொன்வேர்ஸ்–லாபார் சூத்திரம் போட்டு, நாலுக்கு நாலு, மூன்று மடங்கு இடைவெளிக்கு 0.69 என்று முடித்திருப்பார்கள். அந்தச் சூத்திரத்துக்குள் விட்டமும் இடைவெளியும் எண்ணிக்கையும் மட்டும் உண்டு, மண் கிடையாது. பாறைக்கும் 0.69, களிக்கும் 0.69, தளர்ந்த மணலில் அடித்திறக்கிய பைலுக்கும் 0.69. மணல் இறுகி உண்மையில் ஒன்றுக்கு மேலேயே போகிற இடம் அது. வேண்டியது, பைல்களையும் நடுவே உள்ள மண்ணையும் ஒரே கட்டையாக எடுத்துப் பார்க்கும் கட்டைச் சரிபார்ப்பு. 600 மி.மீ. பைல் பதினாறு, மெதுகளியில் 15 மீற்றர், களியின் வலிமையை அப்படியே உராய்வாக எடுப்போம். தனித்தனிப் பைல்களின் மொத்தம், களி வலிமையின் 493 மடங்கு. இடைவெளி இரண்டு மடங்கு விட்டம் என்றால் கட்டையின் தாங்குதிறன் 411 மடங்கு, குழு கட்டையாகவே உடையும். மூன்று மடங்கு விட்டம் என்றால் கட்டை 684, தனிப் பைல்களே தீர்மானிக்கும். "மூன்று விட்டம்" என்ற வாய்ப்பாட்டுக்கு இதுதான் பின்னணி. கெப்பைச் சிக்கனமாக்கப் பைலை நெருக்கும் வடிவமைப்பாளர் இந்த மூன்று எண்ணையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே பக்கத்தில் "பைல் ஸ்பிரிங்" என்று ஓர் எண் இருக்கும், சுமையை டெஸ்ட் இறக்கத்தால் வகுத்தது. ஈடாப்ஸ், சேஃப் என்ற வடிவமைப்பு மென்பொருள்களில் எல்லாப் பைலுக்கும் அதையே போடுவார்கள். சீரான சுமை தாங்கும் ராஃப்டின், அதாவது கட்டடம் முழுவதற்கும் போடும் அத்திவாரப் பலகையின், கீழ் ஒரே ஸ்பிரிங் போட்டால் மாதிரியில் அது தட்டையாகவே இறங்கும், வளைவுத் திருப்பம் கிட்டத்தட்ட இல்லை. உராய்வுப் பைல் மண்ணில் நடு அதிகம் இறங்கி, ராஃப்ட் கிண்ணமாகும். விறைப்பான கெப்பில் மூலைப் பைல்கள் கூடுதல் சுமை வாங்கும். நடுவுக்கு மெதுவான ஸ்பிரிங், ஓரத்துக்கு விறைப்பானது என்று பிரித்துத் தரும் கொம்பனிக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

நிரப்பிய சதுப்பில் இன்னொன்று. புதிதாகக் கொட்டிய மண் சேற்றுக்கரியையும் களியையும் அழுத்த, அவை இறங்கிப் பைலைக் கீழே இழுக்கும். டெஸ்ட் அன்று நடப்பது நேரெதிர்: பைல் மண்ணைவிட வேகமாக இறங்குவதால், நிரப்பு மண்ணும் களியும் பைலைத் தாங்கிப் பிடிக்கின்றன. நாளைக்குச் சுமையாக மாறப்போகும் உராய்வு இன்றைக்குத் தாங்குதிறனாகக் கணக்கில் ஏறுகிறது. வேலைச்சுமை 1200, இழுப்பு 300 கிலோநியூட்டன் என்றால் ஒன்றரை மடங்கு 1800 போதாது. டெஸ்டில் பொய்யாகத் தாங்கும் 300, பின்னால் சுமையாகும் 300, இரண்டையும் கூட்டி 2400க்கு ஏற்ற வேண்டும். இல்லையேல் அந்த ஆழம் வரை பைலுக்கு உறை போட்டு உராய்வைத் துண்டிக்க வேண்டும். குழுவுக்குள் இந்த இழுப்பு சமமாகவும் விழாது. 4 மீற்றர் நிரப்பு, அதன் அடியில் நீர்மட்டம், அதற்குக் கீழே 6 மீற்றர் மெதுகளி, இடைவெளி 1.5 மீற்றர் என்றால், உட்பைலைச் சுற்றித் தொங்கக்கூடிய மண்ணின் பயன்தரு எடையே ஏறத்தாழ 230 கிலோநியூட்டன். அதற்கு மேல் உட்பைலை இழுக்க அங்கே மண் இல்லை. ஓரப் பைலுக்கும் மூலைப் பைலுக்கும் அந்த வரம்பு கிடையாது, முழு 300ஐயும் அவைதான் சுமக்கும். டெஸ்டுக்கு எந்தப் பைல் என்று கேட்டால், சதுப்பு சைட்டில் மூலைப் பைலைக் காட்டுங்கள்.